ஈசல் என்று சொல்லக் கூசுவானேன்?

பூச்சி தின்பவர்கள் என்றதும் நம்மில் பலருக்குச் சீனாவும் தாய்லாந்தும்தான் நினைவுக்கு வரும். தட்டு நிறைய வெட்டுக்கிளி வறுவலைத் தொலைக்காட்சியில் காட்டினால் "சிவ சிவா!" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அன்பர்களே, அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நான் பிறந்து வளர்ந்த சத்தியவேட்டிலேயே மழைக்காலத் தின்பண்டம் ஒன்று உண்டு. அதுதான் ஈசல்.

ஊத்துக்கோட்டைக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது எங்கள் ஊர். செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த இந்தப் பகுதி, 1960 ஏப்ரலில் எல்லை திருத்தப்பட்டபோது சித்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று. பதிலுக்குத் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022 முதல் நாங்கள் திருப்பதி மாவட்டத்தார். நாங்கள் ஈசல் என்பதைத் தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டார் உசிள்ளு என்பார்கள். பெயர்தான் வேறு, வறுக்கும்போது எழும் மணம் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான்.

ஈசல் வேறு, கறையான் வேறு அல்ல. புற்றுக்குள் ராஜா, ராணி, வேலையாட்கள், காவலர்கள் என்று ஒரு குடும்பமே வாழ்கிறது. அதிலே சிறகு முளைத்து, புதுக் குடித்தனம் தேடிப் புறப்படும் ஆண்களும் பெண்களும்தாம் ஈசல்கள். மழை பெய்து மண் நனைந்ததும் வேலையாட்கள் புற்றில் வாசல் திறந்துவிட, ஆயிரக்கணக்கில் வெளியே பறக்கும். காக்கை, குருவி, தவளை, ஓணான் எல்லாவற்றுக்கும் அன்று விருந்து. தப்பிப் பிழைத்துப் புதுப் புற்று கட்டுவது வெகு சில. தாய்ப்புற்று அப்படியே இருப்பதால், மனிதர் பிடிப்பதால் கறையான் குலம் அழிந்துவிடுவதில்லை.

புற்றைப் பார்த்தே, "இன்று ராத்திரி கிளம்பும்" என்று சொல்லக்கூடியவர்கள் எங்கள் பக்கத்து இருளர்களும் யானாதிகளும். புற்றருகே சிறு குழி தோண்டி, உள்ளே விளக்கை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். வெளிச்சத்தைத் தேடி வரும் ஈசல் குழியில் விழும். பிறகு மண்சட்டியில் வறுப்பார்கள். எண்ணெய் வேண்டாம், ஈசலின் கொழுப்பே போதும். முறத்தில் புடைத்தால் சிறகுகள் பறந்துவிடும். வறுத்த அரிசி, பொட்டுக்கடலை, உப்பு, மிளகாய்த்தூள் சேர்த்துக் கலந்தால் ஆயிற்று. எங்கள் பாட்டி ஒரு டப்பாவில் போட்டு உறியில் வைப்பார். மழை நாளில் ஆளுக்கு ஒரு கைப்பிடி கிடைக்கும். வேர்க்கடலையை நினைவூட்டும் ருசி.

இது "காட்டுவாசிகள் பழக்கம்" என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. புறநானூற்றின் 119ஆம் பாடலில் கபிலர், தம் நண்பன் பாரியை இழந்த துயரத்தில், பறம்பு நாட்டின் வளத்தை நினைத்துப் பார்க்கிறார். அந்த வளத்துக்கு அடையாளமாக அவர் சொல்வதில் ஒன்று, மழைக்குப் பின் செம்புற்றில் கிளம்பும் ஈயலை மோரில் இட்டுச் சமைத்த புளிப்பான உணவு. ஈயல் என்பது ஈசலின் பழம்பெயர். அகநானூற்றின் 394ஆம் பாடலிலும் ஈயல் இட்டுச் சமைத்த சுடு சோறு விருந்துணவாக வருகிறது. தமிழுக்குப் பெருமை சேர்க்கும் மேடைகளில் பாரியின் தேரையும் முல்லையையும் பேசுகிறோம். ஈயல் சோற்றை மட்டும் ஏனோ விட்டுவிடுகிறோம்.

தரங்கம்பாடியில் வைத்தியராக இருந்த கோனிக் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர், கறையான் பற்றி 1779இல் எழுதினார். ஈசலைப் பிடித்து மாவுடன் கலந்து பலகாரம் செய்து, ஏழைகளுக்கு மலிவாக விற்றதை அதில் குறித்திருக்கிறார். ஆக, கடைத்தெருவில் விற்ற பண்டம் இது.

அப்படியானால் வெட்கம் எங்கிருந்து வந்தது? நான் படித்த பள்ளியில் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் வகுப்பில் ஒரு யானாதிப் பையன் இருந்தான். ஒரு நாள் பகல் சாப்பாட்டு வேளையில் அவன் பொட்டலத்தைப் பிரித்தபோது ஈசல் இருந்தது. ஆசிரியர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வெளியே போய்த் தின்னச் சொன்னார். வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் அதே வாரம் ஈசல் வறுத்திருந்தார்கள்! அந்தப் பையன் சில நாளில் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். அருவருப்பு பண்டத்தின் மேல் அல்ல, தின்றவன் மேல் என்பது அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. காசு வந்த வீடுகள் ஒவ்வொன்றாக ஈசலை விட்டதற்கும் காரணம், ருசி போனதல்ல. அவர்களோடு சேர்த்து எண்ணப்படுவோமோ என்ற பயம்தான்.

உலகம் இப்போது வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் சுமார் 200 கோடிப் பேரின் உணவில் பூச்சிகள் இடம்பெறுவதாகவும், உண்ணப்படும் வகைகள் 1,900க்கு மேல் என்றும் சொன்னது. சிங்கப்பூர் 2024 ஜூலையில் 16 வகைப் பூச்சிகளை உணவாக அனுமதித்தது. ஒடிசாவின் சிவப்பு எறும்புச் சட்டினிக்கு அதே ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

நாம் வாழும் அமெரிக்காவிலோ, 50 கிராம் கோதுமை மாவில் பூச்சித் துணுக்குகள் சராசரியாக 75ஐ எட்டினால்தான் அரசு நடவடிக்கை எடுக்கும். சில மிட்டாய்களின் பளபளப்பு அரக்குப் பூச்சி தருவது; சில தயிர் வகைகளின் சிவப்பு நிறமும் ஒரு பூச்சி தருவதே. இறாலை ருசித்துச் சாப்பிடுகிறோமே, அதுவும் பூச்சிக்கு உறவுதான்.

இதே அமெரிக்கா 2017இல், புளோரிடா சதுப்பு நிலத்தில் பெருகிவிட்ட மலைப்பாம்புகளைப் பிடிக்க, தமிழகத்திலிருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை வரவழைத்தது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. புற்றையும் வளையையும் படிக்கத் தெரிந்த அதே அறிவுதான் ஈசலையும் பிடிக்கிறது.

எல்லோரும் நாளையே ஈசல் தின்ன வேண்டும் என்று சொல்ல வரவில்லை. சைவ உணவுக்காரர்கள் தங்கள் வழியே செல்லட்டும். இறால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஈசலும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மருந்து தெளித்த இடத்து ஈசலை யாருமே தொடக்கூடாது. வேண்டாம் என்பது அவரவர் உரிமை. "சீ" என்பது வேறு. நம் பிள்ளைகள் இங்கே பள்ளியில் இட்லி சாம்பார் டப்பாவைத் திறக்கும்போது பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பிடித்தால் நமக்கு எப்படி வலிக்கிறது? அந்த வலியை அறிந்த நாம், இன்னொருவர் தட்டைப் பார்த்து அப்படிச் செய்யலாமா?

உங்கள் ஊரிலும் ஈசல் வழக்கம் இருந்திருக்கும். எப்படிப் பிடிப்பார்கள், எதனுடன் கலப்பார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு இந்த இதழுக்கு எழுதுங்கள். கூச்சப்படாமல் ஊர்ப்பெயரையும் போட்டு எழுதுங்கள்.