சித்தன்னவாசல் தாமரைத் தடாகம்

அஜந்தாவின் சித்திரங்களைக் கண்டு வர வேண்டும் என்று ஆசைப்படாத தமிழர் சிலரே. போய் வந்தவர்கள் மாதக் கணக்கில் அதைப் பற்றிப் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் புதுக்கோட்டைக்கு 10 மைல் தூரத்தில், அன்னவாசல் சாலையை ஒட்டி, மொட்டைப் பாறையாய்க் கிடக்கும் ஒரு குன்றினுள்ளே நம் முன்னோர் எழுதி வைத்த சித்திரம் ஒன்று உண்டென்பதை அவர்களில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்கள்? டி. ஏ. கோபிநாத ராவும் பிரெஞ்சுப் பேராசிரியர் ழூவோ துப்ரேயும் எடுத்துச் சொன்ன பிறகே, 1920ஆம் ஆண்டையொட்டி, வெளியுலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

உள்ளே நுழைந்தவுடன் ஏமாற்றமே உண்டாகும். சிறிய குடைவரை, அறிவர் கோயில் என்று பெயர். அரை இருட்டு, காரை உதிர்ந்த திட்டுக்கள். பலர் இரண்டு நிமிஷம் நின்று, 'இவ்வளவுதானா?' என்று வெளியேறி விடுகிறார்கள். இந்தச் சித்திரம் அவசரக்காரர்களோடு பேசாது. கண் இருளுக்குப் பழக வேண்டும். பிறகு தலை நிமிர்ந்து விதானத்தை நோக்க வேண்டும்.

அப்போது பசுமையான ஒரு பொய்கை மெல்ல மெல்லத் தோன்றும். நெருங்கிய இலைகள், மொட்டுக்கள், மலர்ந்த தாமரைகள். அவற்றினிடையே மீன்கள், அன்னங்கள், யானைகள், எருமைகள். மூன்று ஆடவர் பூக் கொய்கின்றனர். கொய்து முடிக்க வேண்டும் என்ற பரபரப்பு அவர்களிடம் துளியும் இல்லை. தீர்த்தங்கரரின் அறவுரை கேட்கச் செல்லும் அடியார்கள் வழியிலுள்ள தடாகத்தில் மகிழும் காட்சி இது என்பர் அறிஞர்.

இதே குன்றின் மேல் ஏழடிப்பட்டம் என்ற குகை இருக்கிறது. சமண முனிவர் கிடந்து தவம் செய்த 17 கற்படுக்கைகளை அங்கே காணலாம்; பெரிய படுக்கையில் தமிழ் பிராமி எழுத்தும் உண்டு. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமை. உறவையும் உடைமையையும் துறந்து கல்லையே மெத்தையாகக் கொண்டவர்களின் வழி வந்தோர், தம் கோயில் விதானத்திலே ஒரு தாமரைத் தடாகத்தை எழுதுவித்தார்கள்! கலை என்பது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்கு என்கிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

பரீட்சை நெருங்கினால் சித்திர வகுப்பைப் பறித்துக் கணக்குக்குக் கொடுக்கும் பள்ளிக்கூடங்களை நாம் அறிவோம். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரை இக்குன்றுக்கு அழைத்துச் சென்றோம். குறிப்பெடுக்க வேண்டாம், பத்து நிமிஷம் பேசாமல் மேலே பாருங்கள் என்றோம். வகுப்பில் வாய் திறவாத ஒரு பையன், "எங்க ஊர்க் குளத்து எருமை மாதிரியே இருக்கு, ஐயா" என்றான். ஊர் திரும்பியதும் குளக்கரையில் உட்கார்ந்து எருமையை வரையத் தொடங்கினான், இன்னும் நிறுத்தவில்லை. கணக்கில் அவன் மதிப்பெண் ஏறவில்லை, இறங்கவும் இல்லை.

குடைவரையின் அருகே பாறையில் ஒரு தமிழ்ப் பாட்டு வெட்டப்பட்டிருக்கிறது. பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் உள்மண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுப்பித்தான் என்று அது கூறுகிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்துச் சித்திரங்கள் என்று முன்பு கருதியவர்கள், இதைப் படித்த பின் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். ஆசிரியன் என்பது இங்கே சமண குருவைக் குறிக்கும் சொல்தான். ஆயினும் பள்ளிக்கூட வாத்தியார்களாகிய நமக்கு அதைக் காணும்போது சற்றே பெருமை உண்டாகிறது என்பதை மறைப்பானேன்?

காற்றும் மழையும் அழித்தவை போக, மனிதர் கையும் தன் பங்குக்குக் கெடுத்திருக்கிறது. தூண்களில் உள்ள ஆடல் மகளிரின் உருவங்கள் மங்கிவிட்டன. இப்போது தொல்லியல் துறையின் காவல் இருக்கிறது. போகிறவர்கள் காலையிலேயே போவது நலம். வெயில் ஏறிவிட்டால் பாறை சுடும்; ஏழடிப்பட்டத்துக்கு ஏறும் வழியில் கால் வைக்க முடியாது.