நடிப்புப் பயிலும் நாள்கள்

மேடையில் ஒரு முதியவர் நாற்காலியிலிருந்து எழுகிறார். இரு கைகளையும் முழங்கால்களில் ஊன்றுகிறார், சற்றுத் தயங்குகிறார், மூச்சை வெளியே விட்டபின் மெல்ல நிமிர்கிறார். பார்வையாளர் அவரை எழுபது வயதினர் என்றே நம்புகின்றனர். நாடகம் முடிந்து ஒப்பனை கலைத்து வெளியே வருபவரோ இருபத்து நான்கு வயது இளைஞர். 'பிறவிக் கலைஞர்' என்று பாராட்டிவிட்டுக் கூட்டம் கலைந்து செல்கிறது. அது நல்ல பாராட்டுதான். ஆயினும், நாற்காலியிலிருந்து எழும் அந்த ஒரு செயலைப் பழகுவதற்கு அவர் செலவிட்ட நாள்களை அச்சொல் கணக்கில் கொள்வதே இல்லை.

கலைக்கு நெடிய பயிற்சி வேண்டும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. ஐந்து வயதில் ஆடல் பயிலத் தொடங்கிய மாதவி, ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில்தான் அரங்கேறினாள் என்கிறது சிலப்பதிகாரம். இன்று பட்டப்படிப்பை முடித்தபின் நடிப்பை முழுநேரக் கல்வியாகக் கற்கும் இளைஞர்கள் உள்ளனர். அவர்களுக்குக் கிடைப்பது ஏழாண்டுகள் அல்ல. இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளே. அந்த நாள்கள் எவ்வாறு கழிகின்றன என்பதைப் புதுதில்லியில் உள்ள தேசிய நாடகப் பள்ளியை முன்வைத்துக் காணலாம்.

சங்கீத நாடக அகாதெமியின் ஓர் அங்கமாக 1959ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இப்பள்ளி, 1975ஆம் ஆண்டு தன்னாட்சி பெற்றது. 1962 முதல் 1977 வரை இதன் இயக்குநராக விளங்கியவர் இப்ராகிம் அல்காசி. இலண்டனில் நாடகக் கல்வி பெற்றுத் திரும்பிய அவர், நடிகர் என்பவர் வசனம் பேசுபவர் மட்டுமல்லர், அரங்கின் ஒவ்வோர் ஆணியையும் அறிந்தவர் என்ற கருத்தை இப்பள்ளியில் வேரூன்றச் செய்தார். நசிருதீன் ஷா, ஓம் புரி முதலியோர் அவரிடம் பயின்றவர்களே. இங்குச் சேர விரும்புவோர் ஏதேனும் ஒரு துறையில் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். நாடகங்களில் பங்கேற்ற பட்டறிவும் வேண்டும். நாடெங்கிலுமிருந்து விண்ணப்பிப்போருள் ஆண்டுக்கு ஏறத்தாழ முப்பது பேரே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். மூன்றாண்டுப் படிப்பில் முதலாண்டு அனைவர்க்கும் பொது. அதன்பின் நடிப்பு, அரங்க வடிவமைப்பும் இயக்கமும் எனக் கிளை பிரிகிறது.

தேர்வு பெற்றவர் தம் ஊரில் கைதட்டல் பெற்றவராகவே வந்து சேர்கிறார். கல்லூரி விழாவில் அவர் கம்பீரமாக முழங்கியிருப்பார். நகைச்சுவையால் அரங்கைக் குலுக்கியிருப்பார். முதல் சில வாரங்களிலேயே அவர் அறிந்துகொள்ளும் உண்மை சற்றுக் கசப்பானது. கைதட்டலைப் பெற்றுத்தந்த பழக்கங்களுள் பெரும்பாலானவற்றை அவர் கைவிடவேண்டியிருக்கிறது.

மூச்சும் குரலும்

நாள் விடியற்காலையிலேயே தொடங்குகிறது. தில்லியின் மார்கழிக் குளிரிலும் மாணவர்கள் தரையில் மல்லாந்து படுத்திருக்கின்றனர். பார்ப்பவர்க்கு உறங்குவதுபோலத் தோன்றும். அவர்கள் செய்துகொண்டிருப்பது மூச்சு விடுதல். பிறந்த நாள் முதல் செய்துவரும் செயலைக் கற்க ஒரு பள்ளியா என்னும் வினா எழுவது இயல்பே. அமைதியாக இருக்கும்போது மனிதர் ஒரு மூச்சில் உள்ளிழுக்கும் காற்று ஏறத்தாழ அரை லிட்டர்தான். அன்றாடப் பேச்சுக்கு அது போதும். ஒலிபெருக்கியின்றிக் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி ஒரு நீண்ட தொடரை உடையாமல் சொல்ல அது போதாது. பயிற்சியற்றவர் என்ன செய்கிறார்? தோள்களை உயர்த்தி மேல்நெஞ்சால் மூச்சிழுக்கிறார். தொண்டையை இறுக்கிக் கத்துகிறார். மூன்றாம் நாள் குரல் கம்மிவிடுகிறது. நுரையீரலுக்குக் கீழேயுள்ள உதரவிதானம் தாழ்ந்து, வயிறும் விலாவும் விரியுமாறு மூச்சிழுக்கும் முறை படுத்த நிலையில் தானாகவே அமைகிறது. அதனை நின்ற நிலைக்கும், பின்னர் நடக்கும் நிலைக்கும், ஓடிக்கொண்டே பேசும் நிலைக்கும் கொண்டுவருவதற்குள் மாதங்கள் பல ஓடிவிடும்.

அடுத்து உடல். ஒவ்வொருவர் உடலிலும் அவர்தம் வாழ்க்கை எழுதப்பட்டிருக்கிறது. நாள்தோறும் புத்தகப்பை சுமந்த தோள் ஒருபுறம் சாய்ந்திருக்கும். உயரமாய் வளர்ந்ததற்கு நாணியவர் முதுகு கூனியிருக்கும். இவ்வடையாளங்களோடு மேடையேறுபவர் எந்தப் பாத்திரத்தை ஏற்றாலும் அங்கே தோன்றுவது அவரேதான். ஆதலால், யோகம், களரி போன்ற பயிற்சிகள் வாயிலாக உடலை முதலில் நடுநிலைக்குக் கொண்டுவருகின்றனர். பிரான்சு நாட்டு நாடக ஆசிரியர் ழாக் லெகோக் 1956இல் பாரிசில் தொடங்கிய பள்ளியால் புகழ்பெற்ற ஒரு பயிற்சி, இன்று உலகின் பல நாடகப் பள்ளிகளில் வழங்குகிறது. சிரிப்போ சினமோ காட்டாத வெறுமையான முகமூடியை அணிந்துகொண்டு மாணவர் மேடையில் நடக்கவேண்டும். முகம் மறைந்ததும் உடல் பேசத் தொடங்குகிறது. தாம் நிமிர்ந்து நடப்பதாக எண்ணியிருந்தவர், அஞ்சி அஞ்சி அடியெடுத்து வைப்பதை உடன்பயில்வோர் அனைவரும் காண்கின்றனர்.

முற்பகலில் பாட வகுப்புகள். காளிதாசர், சூத்ரகர், சோபோகிளிசு, சேக்சுபியர், செகாவ் என நீளும் நாடகங்களை வாசிப்பதும் விவாதிப்பதும் அங்கு நிகழும். இவற்றை ஏனைய இலக்கிய மாணவர்களும் கற்பர். வேறுபாடு ஒன்றுண்டு: இங்கே படிப்பவர் ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படிக்கிறார். வாய்விட்டுப் படித்தல் பள்ளிகளில் அருகிவிட்ட இந்நாளில் அப்பழக்கத்தின் பயனை இம்மாணவர்களே முழுமையாக உணர்கின்றனர் எனலாம். கண்ணால் படிக்கும்போது விளங்கியதாகத் தோன்றிய ஒரு தொடர், வாயால் சொல்லும்போது எந்தச் சொல்லில் அழுத்தம் தருவது என்று அறியாமல் தடுமாறச் செய்கிறது.

பிறமொழியில் ஓர் உயிர்

தமிழகத்திலிருந்து செல்லும் மாணவர்க்கு மற்றொரு மலையும் காத்திருக்கிறது. அப்பள்ளியின் நாடகங்கள் பெரும்பாலும் இந்தி மொழியில் நிகழ்த்தப்படுகின்றன. இந்தியில் 'நொடி' என்னும் பொருளுடைய சொல் ஒன்று; 'பழம்' என்னும் பொருளுடைய சொல் ஒன்று; 'வலிமை' என்னும் பொருளுடைய சொல் ஒன்று. மூன்றையும் தமிழெழுத்தில் 'பல்' என்றே எழுத இயலும். முதலெழுத்தின் ஒலிப்பில் உள்ள நுண்ணிய வேறுபாடே பொருளைப் பிரிக்கிறது. வல்லெழுத்து ஒன்றைக் கொண்டு இடம் நோக்கி ஒலித்துப் பழகிய தமிழ் நாவுக்கு, அவ்வேறுபாட்டை முதலில் செவியால் பிரித்தறிவதே கடினம். இலக்கணம் அடுத்த தடை. தமிழில் நாற்காலியும் வீடும் அஃறிணை, பால் பார்க்கவேண்டியதில்லை. இந்தியிலோ நாற்காலி பெண்பால், வீடு ஆண்பால். வினைமுற்றும் அதற்கேற்ப மாறுபடும். உணர்ச்சியின் உச்சத்தில் கதறியழும் காட்சியில் பால் வழுவொன்று நேர்ந்தால் போதும். அழவேண்டிய அவை சிரித்துவிடும்.

இந்த அச்சம் மாணவரை ஒரு தவறான வழிக்குத் தள்ளுகிறது. அவர் ஒலிப்பில் பிழை நேராமல் காப்பதிலேயே கருத்தைச் செலுத்துகிறார். வசனம் பிழையின்றி வருகிறது, உயிர் வருவதில்லை. இதற்கு மாற்றாகப் பயிற்சியாளர்கள் கையாளும் வழியொன்றுண்டு. காட்சியை முதலில் அவரவர் தாய்மொழியில் நடித்துப் பார்க்கச் செய்வர். தமிழில் பேசும்போது கை எங்கே உயர்ந்தது, எந்த இடத்தில் குரல் தாழ்ந்தது, எங்கே பேச்சு நின்றது என்பவற்றை உடல் நினைவில் வைத்துக்கொள்கிறது. பின்னர் அதே காட்சியை இந்தியில் நடிக்கும்போது, மொழி மாறினாலும் உள்ளிருக்கும் ஓட்டம் மாறுவதில்லை. மணிப்புரியினர்க்கும் வங்காளியர்க்கும் மலையாளியர்க்கும் இதே இடர்ப்பாடு உண்டு. விடுதியில் இரவுதோறும் ஒருவர் வசனத்தை மற்றவர் திருத்துவது அங்கு இயல்பான காட்சி. இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவர்க்கு இத்தடை இல்லை என்பதால் அவர்தம் உழைப்பு ஓரளவு குறைகிறது. இதில் ஒரு சமனின்மை இருப்பதை மறுக்க இயலாது.

அழுகை எங்கிருந்து வருகிறது?

பிற்பகலில் காட்சிப் பயிற்சி. நடிப்பைப் பற்றிய பொதுவான பிழைக்கருத்து ஒன்று இங்கேதான் உடைகிறது. சோகக் காட்சி கொடுக்கப்பட்டதும், புதிய மாணவர் முகத்தைச் சுருக்கி அழ முற்படுகிறார். கண்ணீர் வரவில்லை; வந்தாலும் பார்ப்பவர் உருகுவதில்லை.

1898இல் மாஸ்கோ கலை அரங்கை நிறுவியவர்களுள் ஒருவரான ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, வாழ்நாள் முழுதும் இச்சிக்கலோடு போராடினார். நடிகர் தம் சொந்த வாழ்வில் நேர்ந்த துயரை நினைவுகூர்ந்து மேடையில் உணர்ச்சியை எழுப்பலாம் என்று அவர் தொடக்கத்தில் கருதினார். அவ்வழியில் இடர் உண்டு. தந்தையை இழந்த ஒரு மாணவர், அவ்விழப்பை ஒவ்வொரு மாலையும் கிளறினால் ஒன்று மனம் புண்படும். அல்லது அத்துயரே மரத்துப்போகும். பிற்காலத்தில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி செயலுக்கு முதன்மை தந்தார். பாத்திரத்திற்கு இப்போது என்ன வேண்டும்? எது தடுக்கிறது? அதைப் பெற அவர் என்ன செய்கிறார்? இவ்வினாக்களுக்கு விடை கண்டு அச்செயலை உண்மையாகச் செய்தால், உணர்ச்சி தானே பின்தொடரும் என்பது அவர் இறுதியில் வந்தடைந்த தெளிவு.

இக்கருத்தைப் பயிலும் தமிழ் மாணவர்க்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வருதல் வேண்டும். எட்டு மெய்ப்பாடுகளைக் கூறிய தொல்காப்பியர் அவற்றை வெறும் முகக்குறிகளாக விட்டுவிடவில்லை. ஒவ்வொன்றும் எவற்றின் காரணமாகத் தோன்றும் என நான்கு நான்கு நிலைக்களன்களை வகுத்தார். அழுகைக்கு இழிவு, இழப்பு, தளர்ச்சி, வறுமை என்பன காரணங்கள். மகனை இழந்தவள் அழுவதும், அவையில் இகழப்பட்டவள் அழுவதும் ஒன்றல்ல. 'அழு' என்பது நடிகர்க்குப் பயன்படாத கட்டளை. 'உன்னை இகழ்ந்தவர் முன் தலைகுனியாமல் நிற்க முயல்' என்பது பயன்படும் கட்டளை. அவ்வாறு நிற்க முயல்பவரின் தொண்டை அடைப்பதைக் கண்டு அவையின் கண்கள் கலங்குகின்றன.

இதனுடன் உற்றுநோக்கலும் ஒரு பாடம். மாணவர் கடைத்தெருவுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் அனுப்பப்படுகிறார். தேநீர் விற்பவர் சூடான குவளையை எந்த விரல்களால் பற்றுகிறார்? முழங்கால் வலியுடையவர் படியேறும்போது எந்தக் காலை முதலில் வைக்கிறார்? முதியவர் நாற்காலியிலிருந்து எழும்முன் ஏன் சற்றுத் தயங்குகிறார்? கண்டதை மறுநாள் வகுப்பில் செய்துகாட்டவேண்டும். மிகைப்படுத்திச் செய்தால் அது கேலியாகிவிடும். தெருவில் கண்ட அம்மனிதரின் மதிப்புக்கு ஊறு நேரலாகாது என்பது இப்பயிற்சியின் எழுதாச் சட்டம்.

திரைக்குப் பின்

மாலையில் ஒத்திகை தொடங்கினால் இரவு வெகுநேரம் நீளும். எல்லார்க்கும் முதன்மைப் பாத்திரம் கிடைப்பதில்லை. ஒரு நாடகத்தில் அரசனாக நடித்தவர், அடுத்ததில் ஈட்டி ஏந்திய காவலனாக வாய் திறவாமல் இரண்டு மணி நேரம் நிற்கக்கூடும். மற்றொன்றில் விளக்குகளை ஏணியில் ஏறிக் கட்டுபவரும், ஆடைகளுக்குப் பொத்தான் தைப்பவரும் அவரே. இவ்வேலைகளைத் தண்டனையாகக் கருதுவோர் தொடக்கத்தில் உண்டு. ஒளி எங்கே விழுகிறது என்பதை ஏணியின் மேலிருந்து கண்டவர், பின்னர் மேடையில் அவ்வொளியை விட்டு ஓரடி விலகி நின்று இருளில் பேசும் பிழையைச் செய்வதில்லை.

உடற்சோர்வைக் காட்டிலும் மனத்தை அலைக்கழிப்பது வேறொன்று. அங்குப் பயில்வோர்க்கு உதவித்தொகை உண்டு. ஆகவே படிக்கும் நாள்களில் உணவுக்குக் கவலையில்லை. அதன்பின்? உடன்படித்த பட்டதாரிகள் வேலையில் அமர்ந்து வீட்டுக்குப் பணம் அனுப்புகின்றனர். 'படிப்பு முடிந்ததும் என்ன வேலை கிடைக்கும்?' என்று ஊரிலிருந்து பெற்றோர் கேட்கும் வினாவுக்கு நேரான விடை அவரிடம் இல்லை. 1964ஆம் ஆண்டு தோன்றிய அப்பள்ளியின் நாடகக் குழுவில் ஒருசிலர்க்கே இடம் கிடைக்கிறது. பலர் திரைப்பட வாய்ப்பை நாடி மும்பைக்குச் செல்கின்றனர். தம் ஊருக்கே திரும்பிக் கற்றதைத் தம் மொழியில் விதைத்தோரும் உளர். அப்பள்ளியில் பயின்ற சே. இராமானுஜம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையில் பணியாற்றி, நவீனத் தமிழ் நாடகத்துக்குப் பயிற்சி பெற்ற ஒரு தலைமுறையை உருவாக்கினார். இன்று நடிப்பைத் தமிழ்ச் சூழலிலேயே பட்டமேற்படிப்பாகப் பயில விரும்புவோர்க்குப் புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் அமைந்த நிகழ்கலைப் பள்ளி உள்ளது.

ஆண்டிறுதியில் மாணவர் நாடகம் அரங்கேறுகிறது. பல வார உழைப்பு, சில மாலைகளில் முடிந்துவிடுகிறது. கடைசி நாள் கைதட்டல் ஓய்ந்து பார்வையாளர் வெளியேறியதும், அரசனும் காவலனும் ஒப்பனையைத் துடைத்துவிட்டுச் சுத்தியலும் திருப்புளியுமாக மீண்டும் மேடைக்கு வருகின்றனர். அரண்மனைத் தூண்கள் பலகைகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஆணிகள் பிடுங்கப்பட்டுப் பெட்டியில் சேர்கின்றன. நள்ளிரவு கடந்தபின் ஒருவர் துடைப்பத்தால் மேடையைப் பெருக்குகிறார். காலையில் அதே தரையில்தான் அவர்கள் மல்லாந்து படுத்து மூச்சுப் பயிற்சி செய்யவேண்டும்.