பிணைநார்கள்: எலும்புகளைக் கட்டும் கயிறுகள்

புனே நகரின் கிழக்கே, முளா-முட்டா ஆற்றை ஒட்டியுள்ள கராடி முன்னாளில் ஒரு கிராமம். இன்று கணினி அலுவலகங்கள் நிறைந்த புறநகர். இத்தகைய இடங்களில் வாரம் முழுவதும் அமர்ந்து பணிபுரிவோர், ஞாயிறன்று பந்தாடப் புகுந்து கணுக்கால் பிசகி விழுதல் அரிதன்று. ‘வெறும் சுளுக்குத்தானே’ என்று அதனைப் புறக்கணிப்பதும் வழக்கமே. ஆனால் மூட்டுச் சுளுக்கு என்பது பிணைநாருக்கு நேர்ந்த காயமாகும்.

தசையை எலும்போடு சேர்ப்பது தசைநாண். எலும்பை எலும்போடு சேர்ப்பது பிணைநார். முழங்காலை எடுத்துக்கொள்வோம். அதன் முக்கியப் பிணைநார்கள் நான்கு. இரு பக்கங்களிலும் ஒவ்வொன்று நின்று, முழங்கால் பக்கவாட்டில் மடங்காதவாறு தடுக்கின்றன. உள்ளே இரண்டு, பெருக்கற்குறிபோல் குறுக்கிட்டு, கீழ்க்கால் எலும்பு முன்னும் பின்னும் நழுவாமல் காக்கின்றன. இவற்றிலுள்ள நரம்பு நுனிகள் மூட்டின் நிலையை மூளைக்கு அறிவிக்கின்றன. இருளிலும் நாம் தடுமாறாது நடப்பதற்கு இதுவும் ஒரு காரணமாம்.

பிணைநாரின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நீர். எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். தளர்ந்த நிலையில் இதன் இழைகள் அலையலையாக இருக்கும். சிறிது இழுத்தால் அலைகள் நேராகும். பின்னர் இழைகள் விறைத்து எதிர்க்கும். அளவு மீறினால் அறுபடும். எல்லாப் பிணைநார்களும் ஒரே தன்மையன அல்ல. மாட்டின் பிடரியிலுள்ள பிணைநாரில் எலாஸ்டின் என்னும் மீள்தன்மையுள்ள புரதமே மிகுதி. மேயக் குனிந்த கனத்த தலையை மீண்டும் உயர்த்துவதற்கு அது துணை செய்கிறது.

கொலாஜனின் வலிமைக்குக் காரணம் யாது? இவ்வினாவிற்கு விடை காண வழிகாட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். கொலாஜன் மூலக்கூறு மூன்று சங்கிலிகளால் ஆயது என்னும் அமைப்பை 1954இல் ‘நேச்சர்’ இதழில் அவர்கள் வெளியிட்டனர். அம்மூன்றும் கயிற்றின் புரிகளைப்போல் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியுள்ளன என்று 1955இல் தாமே அதனைத் திருத்தினர். சங்கிலியின் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமாகிய கிளைசின் இருப்பதால், புரிகள் நெருங்கி அமைய இயலுகிறது. இக்கயிறு உறுதியாக அமைவதற்கு வைட்டமின் ‘சி’ இன்றியமையாதது. நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் அது மிகுதியாக உண்டு.

பிணைநாருக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆதலின் காயம் மெல்லவே ஆறும். ஆறிய இடத்தில் தோன்றும் தழும்புத் திசு, பழைய நாருக்கு நிகரான வலிமை உடையதன்று. முழங்காலினுள் முன்புறக் குறுக்கு நார் முற்றும் அறுந்தால், தானே கூடுவது அரிது. கவனியாது விட்டால் மூட்டு தளர்ந்து, நாளடைவில் தேய்வதற்கும் இடமுண்டு.

எனவே, காயம்பட்ட உடனே மூட்டைப் பிடித்து இழுத்தலும் அழுத்தித் தேய்த்தலும் ஆகா. ஓய்வும், துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடமும், மிதமான கட்டும் முதலுதவியாகும். காலை ஊன்ற இயலாவிடின் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். எலும்பு முறிவும் சுளுக்குப்போலவே தோன்றக்கூடும். வலி தணிந்தபின் மருத்துவர் கூறும் பயிற்சிகளைப் படிப்படியாகச் செய்தல் நன்று. நெடுநாள் அசையாதிருக்கும் பிணைநார் வலிமை இழக்கும். அளவான உழைப்பே அதற்கு உரமாகும்.