வயிற்றின் மேல் ஏன் ஒரு கை?

இதயத்துக்குள் ஒரு சின்ன பலூனை ஊதி, அதன் வெப்பநிலையை மைனஸ் 40, 50 டிகிரி என்று இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாக் கண்களும் திரைகளில் இருக்க, குழுவில் ஒருவர் மட்டும் நோயாளியின் வயிற்றின் மேல் கை வைத்தபடி நிற்கிறார்! இ.பி. லேப் என்று சொல்லப்படும் அந்த இதய மின்னியல் அறையில் என்னைச் சொக்கவைப்பது இந்தக் கைதான். வலப்பக்க நுரையீரல் சிரைகளை ஒட்டியே உதரவிதானத்தை இயக்கும் நரம்பு ஓடுகிறது. குளிர் அதைத் தீண்டினால் மூச்சு தடுமாறும். ஆகவே அந்த நரம்பை மின்துடிப்பால் சீண்டிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு சீண்டலுக்கும் வயிறு விக்கல் வந்ததுபோலத் துள்ளும். துள்ளல் கொஞ்சம் சோர்ந்தாலும் கை வைத்திருப்பவர் குரல் கொடுப்பார். அந்தக் கணமே குளிரை நிறுத்துவார்கள். கோடிக்கணக்கில் கருவிகள் இருக்கும் அறையில் கடைசிக் காவல் ஒரு உள்ளங்கை!

இவ்வளவும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காக. இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் வெறுமனே நடுங்கும். தேங்கும் இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு. இந்த நடுக்கத்தைக் கிளப்பும் பொறிகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளின் வாயிலிருந்துதான் கிளம்புகின்றன என்று 1998இல் பிரான்சின் போர்தோ நகரக் குழு காட்டியது. அந்த வாய்களைச் சுற்றிக் குளிரால் வேலி போடுவதுதான் வேலை. தொடை இடுக்குச் சிரை வழியே கம்பிக்குழாய் நுழைகிறது. ஒருவர் அதை நகர்த்த, இன்னொருவர் கணினியில் இதய அறையின் முப்பரிமாண வரைபடத்தை வண்ணம் வண்ணமாக வளர்க்கிறார். மயக்க மருத்துவர் மூச்சைக் கவனிக்கிறார், செவிலியர் இரத்தம் உறையும் நேரத்தை அளந்துகொண்டே இருக்கிறார். தாறுமாறாக ஓடிய கோடுகள் திடீரென்று சீராகும் நொடி வாய்த்துவிட்டால், அடடா!

ஆனால் எல்லோருக்கும் பலூன் இல்லை. கேரளத்தில் 2016 ஏப்ரலிலிருந்து ஓராண்டு, 53 மருத்துவமனைகள் சேர்ந்து இந்த நடுக்கம் உள்ள 3421 பேரைப் பதிவுசெய்து பின்தொடர்ந்தன. இடைநிலை வயது 65தான். ஓராண்டுக்குள் ஏறக்குறைய ஆறில் ஒருவர் இறந்துபோனார். அந்த எண்ணைத் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. நம் பக்கம் சிறுவயது வாதக் காய்ச்சலில் வால்வு சுருங்கியவர்களும் நிறைய. இரத்தம் கட்டியாகாமல் தடுக்க அவர்களுக்குப் புதிய மாத்திரையா பழைய வார்ஃபரினா என்று 4500க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தது டெல்லி எய்ம்ஸின் கணேசன் கார்த்திகேயன் முன்னின்று நடத்திய ஆய்வு. 2022இல் முடிவு வந்தது: பழைய வார்ஃபரினே ஜெயித்தது!

வார்ஃபரின் என்றால், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு அது 2க்கும் 3க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு வாரம் முருங்கைக்கீரையை அள்ளிச் சாப்பிட்டு அடுத்த வாரம் தொடாமலே இருந்தால் கணக்குத் தப்பும். கீரையை விடச் சொல்லவில்லை, ஒரே அளவாகச் சாப்பிடச் சொல்கிறார்கள். இதைப் பொறுமையாகச் சொல்லித்தரும் செவிலியர், மாத்திரையை எண்ணிக் கொடுக்கும் மருந்தாளர், வீடு தேடி வரும் ஆஷா பணியாளர், எல்லோரும் அந்தக் குழுதான். கொழிஞ்சாம்பாறைக்காரருக்குக் கோவை கிட்டத்தில் இருக்கிறது. மூணாறு, மறையூர் எஸ்டேட் லயத்தில் இருப்பவருக்கோ எந்தப் பக்கம் போனாலும் மலை இறங்கியாக வேண்டும். அங்கே கீழே இருக்கும் நிபுணரைவிட மேலே நாடி பிடித்துப் பார்க்கிற ஆள்தான் முதலில் முக்கியம் என்று அடித்துச் சொல்வேன்.

ஏனென்றால் இந்த நடுக்கத்தால் வரும் படபடப்பு பலருக்கு வந்து வந்து போகும். கோட்டயத்துக்கோ மதுரைக்கோ போய்ச் சேர்வதற்குள் இதயம் சமர்த்தாகிவிடும், ஈ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியாது. படபடக்கும்போதே பக்கத்துச் சுகாதார நிலையத்தில் எடுத்த ஒரு தாள் இருந்தால் இ.பி. குழுவுக்கு அதுதான் புதையல்! அந்தத் தாள் வெப்பத்தில் அச்சாவது, நாளாக நாளாக வெளுத்துவிடும். எடுத்த கையோடு போனில் படம் பிடித்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.