கொடை வழி – 11: முதல் கரையாத பணம்

ரொறன்ரோத் தமிழர் கொடுப்பதற்குத் தயங்குகிறவர்கள் அல்லர். 2004 டிசம்பரில் கடல் பொங்கியபோதும், 2009இல் வன்னிச் சனம் முகாம்களுக்குள் அடைபட்டபோதும் இந்த நகரத்துத் தமிழ் வீடுகளிலிருந்து பணம் போய்க்கொண்டே இருந்தது. பழைய மாணவர் சங்கங்களும் ஊர் ஒன்றியங்களும் ஆண்டுதோறும் இராப்போசன விருந்து வைத்துப் பணம் சேர்த்து, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறையும் ஆய்வுகூடமும் கட்டிக் கொடுக்கின்றன. இப்படிச் சேரும் பணம் பெரும்பாலும் வந்த வேகத்தில் செலவாகிவிடும். அவசரத்துக்கு அதுதான் சரி. பசித்தவனிடம் வட்டி வரும்வரை பொறு என்று சொல்ல முடியாது. ஆனால் மண்டப வாடகை, முதியோரை ஏற்றி இறக்கும் வாகனம், பள்ளி முடிந்து வரும் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று ஆண்டு தவறாமல் திரும்பி வரும் தேவைகளுக்கும் நாங்கள் ஒவ்வொரு முறையும் புதிதாக உண்டியல் குலுக்குகிறோம்.

வேறு வழியும் எங்களுக்குத் தெரியும். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 2018இல் தொடங்கிய நிதி சேகரிப்பு 2021இல் 3 மில்லியன் டொலர் என்ற இலக்கைத் தொட்டது. கொடுத்தவர்கள் ஏறத்தாழ 3,800 பேர். தமிழ்நாட்டு அரசு அறிவித்த ஒரு கோடி ரூபாயும் அதற்குத் துணை நின்றது. அந்த 3 மில்லியன் அப்படியே முதலீட்டில் கிடக்கும். அதன் வருவாயில்தான் இருக்கை நடக்கும். ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு எடுத்தால்கூட 1,20,000 டொலர். இருபது டொலர் கொடுத்தவரின் பணமும் அந்த முதலுக்குள் கரையாமல் இருக்கிறது. அந்த ஏற்பாடு மொழிக்கு மட்டும் போதுமா என்பதுதான் இந்த வாரம் நான் கேட்க விரும்புவது.

முதலைத் தொடாமல் பலனை மட்டும் செலவிடும் முறை தமிழருக்குப் பழையது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள். அல்லது 48 பசுக்கள். அல்லது 16 எருமைகள். மந்தையைப் பொறுப்பேற்ற இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழ ஆடு சாகலாம், குட்டி பிறக்கலாம், கணக்கில் ஆடு குறையக்கூடாது. அதனால்தான் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள். கோயில் பணத்தை ஊர்ச்சபைகள் வாங்கி, காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டி கட்டியதும் அதே சுவர்களில் இருக்கிறது. இன்றைய முதலீட்டு மேலாளர் எவரும் அந்த வீதத்தைத் தருவதாக வாக்குக் கொடுக்கமாட்டார்.

அந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கலும் உண்டு. விளக்குக்கென்று எழுதிய மந்தை என்றைக்கும் விளக்குக்குத்தான். ஊரில் பஞ்சம் வந்தாலும் நெய் விளக்குக்கே போகவேண்டும். இதே சிக்கலைத்தான் நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் பிரெடெரிக் கோஃப் என்ற வழக்கறிஞர் கண்டார். அவர் ஒரு நம்பிக்கைப் பொறுப்பு வங்கியின் தலைவர். செல்வர் பலர் உயில் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் குறித்த தேவைகள் உலகத்தில் இல்லாமல் போன பிறகும் பணம் அந்த நோக்கங்களோடு கட்டுண்டு கிடந்தது. 1914இல் அவர் கிளீவ்லாண்ட் அறக்கட்டளையைத் தொடங்கினார். முதல் நிலைத்திருக்கும், பலன் எங்கே போகவேண்டும் என்பதை அந்தந்தக் காலத்து நகரவாசிகளின் குழு தீர்மானிக்கும். சமூக அறக்கட்டளை என்ற ஏற்பாடு பிறந்தது இப்படித்தான். என் கணிப்பில், கடந்த நூற்றாண்டில் கொடைத் துறையில் நிகழ்ந்த மிகப் பயனுள்ள மாற்றம் இது.

கனடாவுக்கு அது 1921இல் வந்தது. வின்னிபெக்கில் வில்லியம் அலோவே என்ற வங்கியாளர் 1,00,000 டொலர் கொடுத்து வின்னிபெக் அறக்கட்டளையைத் தொடக்கினார். அடுத்த கொடை 1924இல் வந்தது: பெயர் எழுதாத ஓர் உறைக்குள் மூன்று ஐந்து டொலர்த் தங்க நாணயங்கள். ஏழை விதவையின் காணிக்கை என்று மட்டும் உறைமீது குறிப்பு. அலோவேயின் இலட்சமும் அந்தப் பதினைந்து டொலரும் ஒரே முதலுக்குள் சேர்ந்தன. அடுப்பேற்றுமுன் ஒரு பிடி அரிசியைப் புறம்பாக எடுத்து வைத்த எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

ரொறன்ரோவில் இத்தகைய அறக்கட்டளை தோன்றியது 1981இல். இன்று அதன் பெயர் ரொறன்ரோ ஃபவுண்டேஷன். ஒரு குடும்பமோ ஒரு நண்பர் குழுவோ அங்கே தன் பெயரில் ஒரு நிதியைத் திறக்கலாம். தனியாக அறக்கட்டளை பதிவு செய்யவோ இயக்குநர் சபை அமைக்கவோ வேண்டியதில்லை; ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்விப்பதையும் ரொறன்ரோ ஃபவுண்டேஷனே சுமக்கும். நூற்றுக்கணக்கான நிதிகள் ஒரே தொகுப்பாக முதலீடு செய்யப்படுகின்றன. பலனில் எந்த அமைப்புக்கு மானியம் போகவேண்டும் என்று நிதியைத் திறந்தவர் பரிந்துரைக்கலாம். அந்த அமைப்பு சட்டப்படி தகுதியுள்ளதா என்று பார்த்துக் கொடுப்பது அறக்கட்டளையின் வேலை. சட்டமும் பணத்தை முடங்கவிடாது. தொண்டுக்கு நேரடியாகப் பயன்படாமல் முதலீட்டில் கிடக்கும் சொத்தில் ஆண்டுக்கு 3.5 சதவீதமாவது தொண்டுக்குச் செலவிடவேண்டும். 2023இலிருந்து ஒரு மில்லியன் டொலருக்கு மேற்பட்ட பகுதிக்கு அது 5 சதவீதம்.

வரி பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் எங்களில் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஒன்ராறியோவில் பதிவுபெற்ற தொண்டமைப்புக்கு 1,000 டொலர் கொடுத்தால் ஏறக்குறைய 360 டொலர் வரிச் சலுகையாகத் திரும்பும். அதையே ஊரிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு நேரே அனுப்பினால் சலுகை கிடையாது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பங்குகளைப் பங்காகவே கொடுத்தால், விலையேற்றத்தின்மீது விழவேண்டிய மூலதன ஆதாய வரியும் இல்லை. தொழில்நுட்ப நிறுவனங்களில் வேலை செய்து சம்பளத்தோடு பங்குகளும் பெறும் இளையவர்கள் இதை ஒருமுறை தங்கள் கணக்காளரிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

இனி, இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய குறை. கொடுப்பவர் விரும்பிய இடத்துக்குப் பணம் போகிறது என்றால், கொடுப்பவர் வசிக்காத இடத்துக்கு அது போகாது. ஸ்காபரோ மருத்துவமனைகளுக்கு நிதி சேகரிக்கும் அறக்கட்டளை தன் பரப்புரையில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு கணக்கு: ரொறன்ரோ மக்களில் நாலில் ஒரு பங்கினர் ஸ்காபரோவில் இருக்கிறார்கள், நகரத்தில் மருத்துவமனைகளுக்குக் கிடைக்கும் நன்கொடையில் ஒரு சதவீதம்கூட அங்கே வருவதில்லை. எங்கள் அம்மாக்களுக்கு இரத்தம் சுத்திகரிப்பதும் எங்கள் பிள்ளைகள் பிறப்பதும் அந்த மருத்துவமனைகளில்தான்.

கறுப்பினச் சமூகம் இதை எதிர்கொண்ட விதம் எனக்கு மிகுந்த மரியாதையைத் தருகிறது. 2020இல் அவர்கள் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். சமூக அறக்கட்டளைகள் கொடுத்த மானியங்களில் கறுப்பின மக்களுக்குப் பணி செய்யும் அமைப்புகளுக்குப் போனது 0.7 சதவீதம், கறுப்பினத்தவரே நடத்தும் அமைப்புகளுக்கு 0.07 சதவீதம். முறையீட்டோடு அவர்கள் நிற்கவில்லை. தங்களுக்கென்று ஓர் அறக்கட்டளையை அமைத்தார்கள். 2023இல் மத்திய அரசு 200 மில்லியன் டொலர் நிலைநிதியை நிர்வகிக்கும் பொறுப்பை அதனிடம் கொடுத்தது. எண்களைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றதால் கதவு திறந்தது. எங்கள் முதியோர் மன்றங்களுக்கும் இளையோர் அமைப்புகளுக்கும் எந்த மானியம் எவ்வளவு வந்தது என்ற எண்களை யாராவது உட்கார்ந்து திரட்டவேண்டும். எங்கள் பல்கலைக்கழக மாணவர்கள் செய்யக்கூடிய வேலை அது.

நிலையான நிதி என்று பேச்செடுத்தால் எங்கள் கூட்டங்களில் ஒரு மௌனம் விழும். காரணத்தை மறைத்துப் பயனில்லை. போர்க்காலத்தில் கதவு தட்டி வந்த சேகரிப்புகளில் விரும்பிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள், பயந்து கொடுத்தவர்களும் இருந்தார்கள். மனித உரிமைக் கண்காணிப்பகம் 2006இல் வெளியிட்ட அறிக்கை ரொறன்ரோவின் பெயரைச் சொல்லியே அதைப் பதிவு செய்தது. கொடுத்த பணம் எங்கே போனது என்று கேட்க முடியாமல் இருந்த ஒரு தலைமுறை, இன்று எந்தப் பற்றுச்சீட்டையும் சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை. அந்தச் சந்தேகத்தை நான் குற்றமாகக் கருதவில்லை. அதற்கு ஒரே மருந்து திறந்த கணக்கு. கனடாவில் பதிவுபெற்ற ஒவ்வொரு தொண்டமைப்பும் வருமான வரித் திணைக்களத்துக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் அறிக்கை இணையத்தில் எவரும் பார்க்கக்கூடியது. இயக்குநர்களின் பெயர்கள், வரவு, செலவு, அதிகச் சம்பளம் பெறும் பத்துப் பதவிகளுக்கு எந்த வரம்பில் ஊதியம் என்பதுவரை அதில் உண்டு. காசோலை எழுதுமுன் பத்து நிமிடம் அதைப் பாருங்கள். கேள்வி கேட்டால் கோபிக்கிற அமைப்புக்குக் கொடுக்கவே வேண்டாம்.

ஏன் இப்போது? 1983க்குப் பின் அலையலையாக வந்தவர்கள், 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேரைப் போன்றவர்கள், இன்று முதுமைக்குள் நுழைந்துவிட்டார்கள். இரட்டை வேலை செய்து வாங்கிய வீடுகளின் கடன் பலருக்கு முடிந்துவிட்டது. உயில் எழுதும் காலம் இது. பிள்ளைகளுக்கென்று எழுதியது போக நூற்றுக்கு ஐந்து பங்கை ஒரு நிலைநிதிக்கு எழுதினால், எழுதியவர் இறந்த ஆண்டின் வருமானம் முழுவதற்கும் சமமான கொடைக்கு வரிச் சலுகை உண்டு. பல வீடுகளிலிருந்து இப்படிச் சிறுகச் சேர்ந்தால் அதுவே ஒரு நிரந்தர முதல். ஸ்காபரோவின் மல்வேர்னிலும் மோர்னிங்சைட்டிலும் ஆண்டுதோறும் சிறு மானியங்கள் கொடுக்க அது போதும். தமிழருக்கு மட்டும் கொடுக்கவேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. அதே மாடிக் குடியிருப்பில் வசிக்கும் சோமாலியத் தாய்க்கும் ஆப்கானியப் பிள்ளைக்கும் அதே வாகனமும் அதே ஆசிரியரும் தேவை.

மானியம் யாருக்கு என்று தீர்மானிக்கும் குழுவைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. மருத்துவரும் வழக்கறிஞரும் கணக்காளரும் இருக்கட்டும். கணக்குக்கும் சட்டத்துக்கும் அவர்கள் வேண்டும். பாதி இருக்கைகள் மானியம் கேட்டு வருகிறவர்களின் உலகத்தை அறிந்தவர்களுக்கு இருக்கவேண்டும்: முதியோர் மன்றத்தை வருடக்கணக்காகச் சம்பளமின்றி நடத்துகிற ஓர் அம்மா, நேற்றுவரை அகதி விண்ணப்பம் நிலுவையில் இருந்த ஓர் இளைஞர், தொழிற்சாலையில் இரவுவேலை பார்க்கிற ஒரு தந்தை. கூட்டம் ஆங்கிலத்தில்தான் நடக்கவேண்டும் என்ற விதியும் வேண்டாம். கூட்ட நேரத்துக்கு அவர்களுக்குப் போக்குவரத்துச் செலவும் பிள்ளை பார்ப்பதற்கான செலவும் நிதியிலிருந்தே கொடுக்கவேண்டும்.

2022 ஜூன்வரை அறக்கட்டளைகள் பதிவு எண் இல்லாத சிறு மன்றங்களுக்கு நேரே மானியம் கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. பதிவுபெற்ற வேறோர் அமைப்பின் குடையின் கீழ்தான் அவை பணம் பெறவேண்டியிருந்தது. அந்த ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. கணக்குக் காட்டும் நிபந்தனைகளோடு இப்போது கொடுக்கலாம். அந்த நிபந்தனைகள் எவை, ஒரு சிறு மன்றம் விண்ணப்பத்தை எப்படி எழுதுவது, செலவுக் கணக்கை எந்த வடிவில் வைத்திருப்பது என்பவற்றை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)