இந்த அட்டைக்கு ஓட்டு உண்டா? அ.தி.மு.க. வழக்குகளும் கடைக்கோடி உறுப்பினரும்

கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் உள்ளது எண்ணூர் முகத்துவாரக்குப்பம். நிவாரணக் கோரிக்கை மனுக்கள் எழுதித் தருவதற்காக ஒருநாள் அங்கே அமர்ந்திருந்தோம். வரிசையில் வந்த முதியவர் ஒருவர் ஆதார் நகலோடு, ஓரம் நைந்துபோன அ.தி.மு.க. உறுப்பினர் அட்டையையும் எடுத்து வைத்தார். எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து கட்சியில் இருப்பவர். மனுவுக்கு அது தேவையில்லை என்று திருப்பிக் கொடுத்தோம். அட்டையை வாங்கிக்கொண்டவர், “அப்ப இந்த அட்டைக்கு ஓட்டாவது உண்டா?” என்று கேட்டார். கட்சியின் பொதுச்செயலாளரைத் தேர்ந்தெடுப்பதில் தமக்கு வாக்கு உண்டா என்பதே அவருடைய கேள்வி.

அன்று எங்களால் முழுமையாக விடை சொல்ல முடியவில்லை. கட்சி விதிகளைப் பார்த்தால் உண்டு. நடைமுறையைப் பார்த்தால் இல்லை. நாட்டின் சட்டத்தைக் கேட்டால், அது எனக்குத் தேவையற்ற கேள்வி என்கிறது. இந்த மூன்று விடைகளுக்கும் நடுவில்தான் 2016 டிசம்பருக்குப் பிந்தைய அ.தி.மு.க.வின் உட்கட்சிப் போர் முழுவதும் நடந்தது.

1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து எம்.ஜி.ஆர். நீக்கப்பட்டதற்கு உடனடிக் காரணம், அவர் கட்சியின் கணக்கைக் கேட்டது. அக்டோபர் 17 அன்று தொடங்கப்பெற்ற புதுக் கட்சி, பொதுச்செயலாளரைப் பொதுக்குழு அல்ல, அடிப்படை உறுப்பினர்கள் அனைவரும் வாக்களித்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைத் தன் விதியாக்கிக்கொண்டது. பிற விதிகளைப் பொதுக்குழு திருத்தலாம். இந்த ஒரு விதியைத் திருத்தக் கூடாது, இது கட்சியின் அடிப்படைக் கட்டமைப்பு என்று விதி 43 கூறிற்று. அரசமைப்புச் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு இந்தச் சொல் புதிதன்று. கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடாளுமன்றத்துக்கு இட்ட வரம்பை, ஒரு மாநிலக் கட்சி தன் பொதுக்குழுவுக்கு இட்டிருந்தது. எழுத்தளவில் இது உயர்ந்த விதி. ஜெயலலிதா காலத்தில் ஒவ்வொரு முறையும் அவர் போட்டியின்றித் தேர்வானார் என்பதால், விதி எழுத்தளவிலேயே நின்றது.

2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா மறைந்தார். டிசம்பர் 29 அன்று பொதுக்குழு கூடி வி.கே.சசிகலாவைப் பொதுச்செயலாளராக நியமித்தது. 2017 பிப்ரவரி 7 இரவு மெரினா நினைவிடத்தில் ஓ.பன்னீர்செல்வம் தியானத்தில் அமர்ந்த பிறகு, அவருடைய அணியின் முதன்மையான சட்ட வாதம் அந்த விதியே ஆயிற்று: உறுப்பினர்கள் வாக்களிக்காமல் பொதுச்செயலாளர் எப்படி வர முடியும்? நியாயமான வாதம். ஆனால் அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று பன்னீர்செல்வம், எடப்பாடி பழனிசாமி அணிகள் இணைந்தன. செப்டம்பர் 12 அன்று கூடிய பொதுக்குழு, ஜெயலலிதாவே நிரந்தரப் பொதுச்செயலாளர் என்று அறிவித்து அப்பதவியையே ஒழித்து, ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்ற இரு பதவிகளை உருவாக்கியது. திருத்தவே கூடாது என்றிருந்த விதியைத் திருத்தியவர்களுள் அதை முன்வைத்து வாதாடியவரும் ஒருவர்.

2021 டிசம்பர் 1 அன்று விதி மீண்டும் மாறியது. இரு பதவிகளுக்கும் உறுப்பினர்கள் ஒற்றை வாக்கால் சேர்த்தே தேர்ந்தெடுப்பார்கள் என்றனர். அந்தத் தேர்தலில் வேட்புமனு வாங்க ராயப்பேட்டைத் தலைமை அலுவலகத்துக்குச் சென்ற மூத்த உறுப்பினர் ஒருவர் அங்கே தாக்கப்பட்டார் எனச் செய்தி வந்தது. முதியவரின் கேள்விக்கு நாம் காணக்கூடிய மிகச் சுருக்கமான விடை அதுதான்.

2022 ஜூலை 11 அன்று பொதுக்குழு இரட்டைத் தலைமையை ஒழித்து, பழனிசாமியை இடைக்காலப் பொதுச்செயலாளராக்கி, பன்னீர்செல்வத்தை நீக்கியது. உறுப்பினர் வாக்கு என்ற பழைய விதி திரும்பி வந்தது. ஆனால் தனியாக வரவில்லை. பொதுச்செயலாளர் பதவிக்குப் போட்டியிடுபவர் பத்தாண்டுகள் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். ஐந்தாண்டுகள் தலைமைக் கழகப் பொறுப்பு வகித்திருக்க வேண்டும். பத்து மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும். வேறு பத்து மாவட்டச் செயலாளர்கள் வழிமொழிய வேண்டும். 2023 மார்ச்சில் தேர்தல் அறிவிக்கப்பட்டபோது வேட்புமனுவுக்கு இரண்டு நாள் அவகாசம் தரப்பட்டது. பழனிசாமி ஒருவரே மனுத் தாக்கல் செய்தார். மார்ச் 28 அன்று அவர் தேர்வானதாக அறிவிக்கப்பட்டது.

நீதிமன்றம் எதைத் தீர்மானித்தது?

உச்ச நீதிமன்றமே இதை ஏற்றுவிட்டது என்று பலரும் பேசுகின்றனர். அது பாதி உண்மை. 2022 ஆகஸ்ட் 17 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜி.ஜெயச்சந்திரன் ஜூன் 23ஆம் நாளைய நிலையே தொடர வேண்டும் என்று ஆணையிட்டார். ஒன்றரைக் கோடித் தொண்டர்களும் ஒற்றைத் தலைமையை விரும்பினார்கள் என்பதற்குத் தரவு இல்லை என்ற கருத்தும் அந்த ஆணையில் இருந்தது. எங்கள் பார்வையில், இவ்வழக்குகள் நெடுகிலும் முகத்துவாரக்குப்பத்து முதியவர் நீதிமன்றத்துக்குள் எட்டிப்பார்த்த ஒரே இடம் அது. செப்டம்பர் 2 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. 2023 பிப்ரவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் அமர்வின் தீர்ப்பை உறுதி செய்தது. ஆனால் உச்ச நீதிமன்றத்தின் முன் இருந்தது கூட்டம் கூட்டப்பட்ட முறை குறித்த இடைக்கால வினா மட்டுமே. தீர்மானங்களின் செல்லுபடித் தன்மைக்குள் அது செல்லவில்லை. அதை உரிமையியல் வழக்குகளுக்கு விட்டுவைத்தது.

இதற்குக் காரணம் உண்டு. சட்டத்தின் பார்வையில் கட்சி என்பது உறுப்பினர்கள் தமக்குள் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தம் மீறப்பட்டதாக ஒருவர் வழக்குத் தொடுக்கலாம். ஒப்பந்தமே அநீதியானது என்று எளிதில் வாதாட இயலாது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29அ பிரிவு, பதிவு பெறும் கட்சி அரசமைப்புச் சட்டத்துக்கும் சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய கொள்கைகளுக்கும் உண்மையாக இருப்பதாக உறுதி தரவேண்டும் என்கிறது. உறுதியை மீறிய கட்சியின் பதிவை நீக்கும் பொது அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு இல்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

ஆணையத்திடம் உள்ள கூர்மையான கருவி, 1968ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணையின் 15ஆம் பத்தி. கட்சி பிளந்தால் எந்தப் பிரிவு உண்மையான கட்சி என்பதை ஆணையம் முடிவு செய்யும். காங்கிரஸ் பிளவை ஒட்டிய சாதிக் அலி வழக்கில் (1971) உச்ச நீதிமன்றம் பெரும்பான்மை என்ற அளவுகோலை ஏற்றது. அந்தப் பெரும்பான்மை யாருடையது? நடைமுறையில் அது நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுடையது, பொதுக்குழு உறுப்பினர்களுடையது. 2017இல் இரட்டை இலை முடக்கப்பட்டபோது இரு தரப்பும் லட்சக்கணக்கான பிரமாணப் பத்திரங்களை ஆணையத்தில் குவித்ததாகக் கூறின. அந்த ஆண்டு நவம்பர் 23 அன்று சின்னம் இணைந்த அணிக்குக் கிடைத்தது. உறுப்பினரின் கையெழுத்து ஆணையத்துக்குத் தேவைப்பட்டது. வாக்கு எவருக்கும் தேவைப்படவில்லை.

ஒப்பிட்டுப் பாருங்கள். குப்பத்து மீனவர் கூட்டுறவுச் சங்கம் சட்டப்படி தேர்தல் நடத்த வேண்டும். அதன் நிர்வாகக் குழுவில் பட்டியலினத்தவருக்கும் பெண்களுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். துறைமுகத்துச் சிறு தொழிற்சங்கம்கூட ஆண்டுதோறும் பதிவாளருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். மாநிலத்தை ஆளப் போட்டியிடும் கட்சியின் உட்கட்சித் தேர்தல் முறையைச் சட்டம் வகுக்கவில்லை. சட்ட ஆணையம் தன் 170ஆவது அறிக்கையில் (1999) உட்கட்சி ஜனநாயகத்தைச் சட்டக் கடமையாக்கப் பரிந்துரைத்தது. அது கிடப்பில் கிடக்கிறது. ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம் 21ஆம் உறுப்பிலேயே, கட்சிகளின் உள்ளமைப்பு ஜனநாயக நெறிக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்கிறது. இட்லரைக் கண்ட பின் எழுதிய சட்டம் அது.

வடசென்னை கொடுத்த விலை

உட்கட்சிச் சண்டை அவர்கள் வீட்டு விவகாரம், நமக்கென்ன என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். 2017 ஜனவரி 28 அதிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதின. எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிய எண்ணெயை மீனவர்களும் தொழிலாளர்களும் தன்னார்வலர்களும் வாளியால் அள்ளிக்கொண்டிருந்த நாள்களில்தான் சசிகலா சட்டமன்றக் கட்சித் தலைவராகத் தேர்வானார். பன்னீர்செல்வம் தியானத்தில் அமர்ந்தார். சட்டமன்ற உறுப்பினர்கள் கூவத்தூர் விடுதிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சென்னை மாநகராட்சி மன்றத்தின் காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்திருந்தது. மீண்டும் மாமன்ற உறுப்பினர்கள் வந்தது 2022இல். கருப்பு நீரில் நின்றவர்கள் முறையிட உள்ளூரில் மாமன்ற உறுப்பினர் இல்லை. கோட்டையில் இருந்தவர்களோ எண்ணிக்கையைக் காப்பதில் மூழ்கியிருந்தனர்.

ஜெயலலிதா மறைவால் காலியான ராதாகிருஷ்ணன் நகர் ஓராண்டுக்கு மேல் பிரதிநிதியின்றிக் கிடந்தது. 2017 ஏப்ரல் 12 அன்று நடக்கவிருந்த இடைத்தேர்தல் பணப் பட்டுவாடாவால் ரத்தாயிற்று. அந்தத் தேர்தலுக்குச் சின்னம் முடக்கப்பட்டதால் தினகரன் தொப்பியும் மதுசூதனன் இரட்டை மின்கம்பமும் பெற்றிருந்தனர். டிசம்பர் 21 அன்று நடந்த தேர்தலில், குக்கர் சின்னத்தில் தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் இரட்டை இலையை வென்றார். அதற்கிடையே செப்டம்பர் 18 அன்று பேரவைத் தலைவர் 18 உறுப்பினர்களைத் தகுதி நீக்கம் செய்தார். அவர்களில் ஒருவர் பெரம்பூர் உறுப்பினர். 2019 மே மாதம் வரை, பெரம்பூருக்குச் சட்டமன்றத்தில் குரல் இல்லை. தலித் மக்கள் நெருங்கி வாழும் தொகுதி அது.

மறுகட்டுமானத்தில் யார் இல்லை?

இந்தப் போரை ஊடகங்கள் மேற்கு மண்டலத்துக்கும் தென் மண்டலத்துக்கும் இடையிலான போட்டி என்று எழுதின. மண்டலம் என்பது சாதியைச் சொல்ல நாணும்போது நாம் பயன்படுத்தும் சொல். அந்தக் கணக்கில் வட மாவட்டங்களின் தலித்துகளும் கடற்கரை மக்களும் எந்த மண்டலம்? கட்சிக்கு நெடுங்காலம் வாக்களித்தவர்கள் அவர்கள். 2017 ஆகஸ்டில் பேரவைத் தலைவர் ப.தனபாலை முதலமைச்சராக்கலாம் என்று சசிகலாவின் சகோதரர் திவாகரன் யோசனை சொன்னார். அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த தலைவரின் பெயர் அன்று எழுந்தது, எதிர் அணியைச் சங்கடத்தில் ஆழ்த்துவதற்காகத்தான் என்று நாங்கள் கருதுகிறோம். சண்டையின் சூடு தணிந்ததும் அந்த யோசனையைச் சொன்னவர்களே மறந்துவிட்டனர்.

1972 முதல் அக்கட்சியின் பொதுச்செயலாளர்களில் ஒரு தலித்கூட இல்லை. 2022 ஜூலைக்குப் பின் அறிவிக்கப்பட்ட துணைப் பொதுச்செயலாளர்கள் கே.பி.முனுசாமி, நத்தம் விசுவநாதன். பொருளாளர் திண்டுக்கல் சீனிவாசன். தலைமை நிலையச் செயலாளர் எஸ்.பி.வேலுமணி. இந்த நால்வரிலும் தலித் இல்லை. இப்போது அந்த இருபது மாவட்டச் செயலாளர்கள் என்ற நிபந்தனையை மீண்டும் படியுங்கள். சட்டமன்றத்தில் 44 தொகுதிகள் பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டவை என்பதால் வேட்பாளர் பட்டியலில் தலித்துகள் தவிர்க்க முடியாதவர்கள். மாவட்டச் செயலாளர் பதவிக்கு அத்தகைய ஒதுக்கீடு இல்லை. பணமும் நிலமும் சாதிப் பலமும் உள்ளவர்களே அந்த நாற்காலியைப் பிடிக்கிறார்கள். தங்களிடையே இல்லாத ஒருவரை அவர்களில் இருபது பேர் முன்மொழிந்தும் வழிமொழிந்தும் அனுப்பினால்தான், அவர் உறுப்பினர்களிடம் வாக்குக் கேட்கவே முடியும். வாக்குரிமையைத் திருப்பிக் கொடுத்து, வேட்பாளராகும் உரிமையைப் பறித்துக்கொண்டார்கள்.

மறுகட்டுமானத்தின் பலன் என்ன? 2024 மக்களவைத் தேர்தலில் ஓர் இடமும் கிடைக்கவில்லை. 2023 செப்டம்பரில் பா.ஜ.க.வை விட்டு விலகியதும், 2025 ஏப்ரல் 11 அன்று மீண்டும் சேர்ந்ததும் உறுப்பினரைக் கேட்டு நடந்தவை அல்ல. பிரிந்தவர்களைச் சேர்க்க வேண்டும் என்று பேசிய கே.ஏ.செங்கோட்டையன் 2025 அக்டோபர் 31 அன்று நீக்கப்பட்டார்.

அ.தி.மு.க.வை மட்டும் குறைகூறுவது நமக்கு எளிது. 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் ஆம்ஸ்ட்ராங் படுகொலை செய்யப்பட்டபின், பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைமையைக் கட்சியின் மேலிடம்தான் அறிவித்தது. தமிழகத்து உறுப்பினர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. ஓராண்டு நினைவு நாளில் பொற்கொடி தனிக் கட்சி கண்டார். யார் பக்கம் நியாயம் என்பதைவிட, அதைத் தீர்க்க உறுப்பினர்களிடம் ஒரு வாக்குச்சீட்டு இருந்ததா என்பதே எங்கள் கேள்வி. அம்பேத்கரின் பெயரைச் சொல்லும் அமைப்புகளுக்கு இந்தக் கேள்வி இன்னும் கடுமையாகவே பொருந்தும்.

சட்டம் கட்டாயப்படுத்தும் இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் வடசென்னை பார்த்திருக்கிறது. 2022இல் சென்னை மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. திரு.வி.க. நகர்ப் பகுதியிலிருந்து ஆர்.பிரியா மேயரானார். அவரை அறிவித்தது தி.மு.க. தலைமை, அறிவித்தே ஆகவேண்டிய நிலையை உருவாக்கியது ஒதுக்கீட்டு ஆணை. கட்சிகளின் மாவட்டப் பொறுப்புகளிலும் பொதுக்குழுவிலும் பட்டியலினத்தவருக்கும் பெண்களுக்கும் குறைந்தபட்சப் பங்கு, சுயேச்சையான கண்காணிப்பில் உட்கட்சித் தேர்தல், வாக்காளர் பட்டியல்போல வெளிப்படையான உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றை 29அ பிரிவோடு சேர்க்கும் திருத்தத்தை நாம் கோர வேண்டும். நாடாளுமன்றம் அசைய நாளாகும். அதுவரை, நம் வாக்கைக் கேட்டு வரும் ஒவ்வொரு கட்சியிடமும் அதன் மாவட்டச் செயலாளர்களில் தலித்துகள் எத்தனை பேர் என்ற எண்ணை எழுத்தில் கேட்கலாம்.

கட்சிகளின் விதித் தொகுப்புகள் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் உள்ளன. சட்ட மாணவர்கள் சிலரோடு சேர்ந்து, உறுப்பினர் உரிமை பற்றிய பகுதிகளை எளிய தமிழில் எழுதி வருகிறோம். முதலில் படித்துக் காட்டப்போவது முகத்துவாரக்குப்பத்தில். முதியவரையும் அட்டையோடு வரச் சொல்லியிருக்கிறோம்.