மரத்தடியில் கால்மணி நேரம்

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு செல்லும் மின்சார இரயிலில் நீங்கள் பயணம் செய்திருக்கலாம். குரோம்பேட்டையைத் தாண்டியதும், தாம்பரத்திற்கு முன்னால் ஒரு நிலையம் வரும். பெயர்ப் பலகையில் 'தாம்பரம் சானடோரியம்' என்று எழுதியிருக்கும். நாள்தோறும் அங்கே ஏறி இறங்குபவர்களில் பலர் அதை ஓர் ஊர்ப்பெயர் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். என் வகுப்பில் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். அது ஏதோ ஒரு தொழிற்சாலையின் பெயர் என்றான் ஒரு மாணவன்!

'குணப்படுத்துவது' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது சானடோரியம். காசநோயாளிகளை நல்ல காற்றிலும் வெளிச்சத்திலும் மாதக்கணக்கில் ஓய்வாக வைத்திருந்த இடம் அது. 1928ஆம் ஆண்டில் பச்சைமலையின் பக்கத்தில் இதை நிறுவியவர் டாக்டர் சௌரி முத்து என்னும் தமிழர். அதற்கு முன்பே இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் இத்தகைய ஓய்வில்லம் ஒன்றை அவர் நடத்தினார். கணிதமேதை இராமானுஜன் 1917இல் உடல்நலம் குன்றியபோது, சிறிது காலம் அங்கே தங்கி அவரிடம் சிகிச்சை பெற்றார். தாம்பரத்து இல்லத்தை 1937இல் அரசு ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது.

அக்காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. நோயை உண்டாக்கும் கிருமியை ராபர்ட் கோக் 1882லேயே கண்டுபிடித்துவிட்டார். அதைக் கொல்லும் வழிதான் யாருக்கும் தெரியவில்லை. எனவே மருத்துவர்கள் தங்கள் கைக்கு எட்டியவற்றைக் கொடுத்தார்கள். நல்ல உணவு, திறந்த தாழ்வாரம், மரநிழல், நெடுநேர ஓய்வு. காற்றோட்டமான இடத்தில் கிருமிகள் கலைந்து போவதால் பிறருக்குத் தொற்றும் வாய்ப்பு குறைந்தது என்பது உண்மையே. ஆனால் நோயாளிக்கு நோய் தீர்ந்ததா?

இந்தக் கேள்விக்கு விடை கண்ட பெருமை நம் சென்னைக்கு உண்டு. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் 1952இல் ஐசோனியசிட் சிகிச்சையும் வந்தன. மருந்து வந்த பின்னும் சானடோரியம் வேண்டுமா? சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம் இதைச் சோதித்தது. நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். யார் எந்தப் பிரிவு என்பதை மருத்துவர் தம் விருப்பப்படி முடிவு செய்யவில்லை. குலுக்கல் முறையில் முடிவாயிற்று. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஓய்வோடு மருந்து உண்டனர். மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீட்டிலேயே, எளிய உணவோடு, வேலையும் செய்துகொண்டு அதே மருந்தை உண்டனர். ஓராண்டு கழித்துப் பார்த்தால் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தார்கள்! 1959இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு ஒரு முக்கியக் காரணமாயிற்று.

ஆகவே, 'மரக்காற்று பட்டால் எந்த நோயும் போய்விடும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காசநோயைக் குணப்படுத்துவது மருந்துதான்.

அப்படியானால் அந்த மரநிழலும் ஓய்வும் வீண்தானா? சென்னை ஆய்வு சோதித்தது நுரையீரலில் உள்ள கிருமியை. களைத்துப்போன மனத்தை அது சோதிக்கவில்லை. மனத்தைப் பற்றிய ஆய்வுகள் பின்னால் வந்தன.

ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில், பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பழைய குறிப்பேடுகளை அவர் புரட்டினார். பாதிப்பேரின் அறைச் சன்னலில் மரங்கள் தெரிந்தன. மீதிப்பேரின் சன்னலில் செங்கல் சுவர்தான் தெரிந்தது. மரத்தைப் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாட்களிலும், சுவரைப் பார்த்தவர்கள் 8.70 நாட்களிலும் வீடு திரும்பினர். வலுவான வலிநிவாரணிகளும் மரம் பார்த்தவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. 46 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். இயற்பியல் ஆசிரியனான எனக்கு இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் முழுத்திருப்தி வருவதில்லை.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு 2008இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. எண்களை ஒவ்வொன்றாகச் சொல்லித் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். 7, 2, 9, 4 என்றால் 4, 9, 2, 7 என்று சொல்ல வேண்டும். எண்கள் கூடக் கூட இது எவ்வளவு கடினம் என்று முயன்று பாருங்கள்! பிறகு அவர்களை ஏறக்குறைய ஒருமணி நேரம் நடந்துவரச் செய்தார்கள். ஒருநாள் மரச்சோலையில், மற்றொருநாள் கடைத்தெருவில். சோலையில் நடந்து வந்த நாளில் தலைகீழ் எண்களை அவர்கள் மேலும் நன்றாகச் சொன்னார்கள். கடைத்தெருவில் நடந்த நாளில் அத்தகைய முன்னேற்றம் தென்படவில்லை. இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறொன்று. சிலர் நடந்தது கடுங்குளிர் காலத்தில். அவர்களுக்கு அந்த நடை இன்பமாகவே இல்லை. ஆயினும் பயன் கிடைத்தது.

காரணம் என்ன? கவனம் இருவகைப்படும் என்கிறார்கள் ஸ்டீபன் கப்லான், ரேச்சல் கப்லான் என்னும் உளவியலார். தேற்றத்தைப் படிக்கும்போதும், ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கும்போதும் நாம் முயன்று கவனிக்கிறோம். இந்தக் கவனம் களைத்துவிடும். அசையும் இலையையும், நீரில் முக்குளிக்கும் பறவையையும் நாம் முயலாமலே கவனிக்கிறோம். அப்போது முன்னதற்கு ஓய்வு கிடைக்கிறது. இது ஒரு கொள்கைதான். இன்னும் விவாதத்தில் இருப்பது. பள்ளி முடிந்து டியூஷன், டியூஷன் முடிந்து கைப்பேசி என்று ஓடும் உங்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். கைப்பேசி ஓய்வுபோலத் தோன்றினாலும், அது அடுத்தடுத்துக் கவனத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறது. மரத்தடியில் பாடப்புத்தகத்தோடு அமர்வதும் ஓய்வல்ல, இடம் மாறிய படிப்பு!

மரநிழலின் குளிர்ச்சிக்கு மட்டும் இயற்பியலில் தெளிவான விடை உண்டு. இலைகள் நீராவியை வெளியிடுகின்றன. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 இலட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். அதே நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையானதைப் போல் இது எட்டு மடங்கு. இதனால் இலை அதிகம் சூடேறுவதில்லை. தகரக் கூரையின் நிழலில் நின்றால், சூடான தகரம் அகச்சிவப்புக் கதிர்களை நம் தலைமீது பொழிகிறது. இரண்டு இடங்களிலும் வெப்பமானி ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டினாலும், உடல் வேறுபாட்டை உணர்ந்துவிடுகிறது.

இனி நீங்களே ஒரு சோதனை செய்யலாம். கடிகாரம் வேண்டாம். ஒன்றேகால் மீட்டர் நூலும், அதில் கட்ட ஒரு சிறு கல்லும் போதும். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாந்தோரியோ என்ற இத்தாலிய மருத்துவர் நோயாளியின் நாடியை ஊசலைக் கொண்டு அளந்தார். அதே முறைதான் இது. உங்கள் மணிக்கட்டில் நாடியைத் தொட்டு, துடிப்புக்கு ஒருமுறை 'டக்' என்று சொல்லுங்கள். நண்பர் நூலைப் பிடித்துக் கல்லை ஆட்ட வேண்டும். கல் ஒரு முனைக்குப் போகும்போது ஒரு 'டக்', மறு முனைக்கு வரும்போது ஒரு 'டக்' என்று பொருந்தும்வரை நூலை நீட்டியும் குறைத்தும் பார்க்கட்டும். பிறகு பிடித்த இடத்திலிருந்து கல்லின் நடு வரை அளந்துகொள்ளுங்கள்.

நாடி நிமிடத்திற்கு 80 என்றால் நூல் 56 செ.மீ. இருக்கும். 72 என்றால் 69 செ.மீ.; 60 என்றால் 99 செ.மீ. ஊசலின் நீளம் அலைவு நேரத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் அமைவதால், நாடியில் உண்டாகும் சிறு மாற்றம்கூட நூலில் பெரிதாகத் தெரியும். உடல் அமைதி அடைய அடைய நூல் நீளும்!

ஒரு நாள் அறைக்குள் கால்மணி நேரம் சும்மா இருந்துவிட்டு அளவெடுங்கள். மற்றொரு நாள் அதே நேரத்தில் மரத்தடியில் கால்மணி நேரம் இருந்துவிட்டு அளவெடுங்கள். உட்கார்ந்தாலே நாடி சற்று இறங்கும். அதனால்தான் அறையிலும் அளக்கச் சொல்கிறேன். இல்லாவிட்டால் நாற்காலியின் புகழெல்லாம் மரத்திற்குப் போய்விடும். எந்த நாள் எந்த இடம் என்பதைக் காசு சுண்டி முடிவு செய்யுங்கள். சேத்துப்பட்டில் செய்த குலுக்கல் இதுதான். பத்து நாட்களாவது செய்யாமல் முடிவு சொல்லாதீர்கள். சிட்லபாக்கம் ஏரிக்கரையோ, சேலையூர் ஏரிக்கரையோ வேண்டுமென்பதில்லை. தெருவோரப் புங்கமரமும் மொட்டைமாடியை எட்டும் வேப்பங்கிளையும் போதும். வெளியே போவதானால் வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

நானும் என் மகளும் இதைத் தொடங்கி நான்கு நாட்கள்தான் ஆகின்றன. அவளுக்கு முதல் நாள் அறையில் 66 செ.மீ., மறுநாள் வேப்பமரத்தடியில் 74 செ.மீ. வந்தது. மகிழ்ச்சியோடு மூன்றாம் நாளும் காசைச் சுண்டினோம். மீண்டும் மரத்தடி வந்தது. அளவெடுக்கும் நேரத்தில் பக்கத்துத் தெரு நாய் ஒன்று குரைத்துக்கொண்டு எங்களை நோக்கி ஓடிவந்தது. அன்று நூல் 52 செ.மீ. அதை அடித்துவிடலாம் என்றாள் அவள். நான் விடவில்லை, நாயைப் பற்றிய குறிப்போடு அந்த எண்ணும் குறிப்பேட்டில் இருக்கிறது.